கண்பட்ட சுவர்

சேவலின் கொண்டையில் ஒரு கொப்புளம் இருந்தது.

சுவரில் வரைந்த சேவல்தான். காலையில் ரெஜிஸ் ஸ்கூலுக்குப் போகும்போது வழவழவென்று இருந்த சிவப்பு, திரும்பி வரும்போது பொரி மாதிரி உப்பி, அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பட்டென்று வெடித்து உதிர்ந்தது. சுட்ட சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. "அடடா" என்று வாய்தான் சொன்னது. மனசு நல்லா வேணும் என்றது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சுவரைப் பார்த்தால் படம் போடுகிற எவனுக்கும் பொறாமை வரும். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், மாதா கோயில் தெருவையும் காளியம்மன் தெருவையும் பிரித்து, ஏதோ ஒரு பழைய அடிதடிக்குப் பிறகு எழுப்பிய சுவர். அழுகின முட்டைக்கோஸும் வெங்காயச் சருகும் மூத்திர நாற்றமுமாகக் கிடந்த இடம். அதில் ஓவியம் வரைந்து இரண்டு தெருவையும் சேர்க்கலாம் என்று ஒரு அறக்கட்டளை அறிவித்தபோது, டிராயிங் மாஸ்டர் ரெஜிஸ் புறாவும் தேவதையுமாகப் பிளான் போட்டுக் கொடுத்தான். வேலை கிடைத்தது யாருக்கு? மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தவள்ளிக்கு.

அவள் புறாவெல்லாம் வரையவில்லை. சுவரே இல்லாவிட்டால் அங்கே நின்றால் என்ன தெரியுமோ, அதையே வரைந்தாள். இந்தப் பக்கம் நின்றால், அந்தப் பக்கத்து வள்ளிக்கண்ணு தன் வாசலில் பூக் கட்டுகிறாள், சேவல் மேய்கிறது, மார்க்கெட்டில் சுமை தூக்கும் காத்தமுத்து மூட்டையோடு வருகிறார். அந்தப் பக்கம் நின்றால் மாதா கோயில் தெரு. ஜனங்களுக்குச் சுவரே மறந்துபோயிற்று. இங்கிருந்து கேக் போனது, அங்கிருந்து ஆடிக் கூழ் வந்தது.

ரெஜிஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதைவிட எரிந்தது கேத்தரினால். மனைவி லின்சி செத்த பிறகு அவனுக்கென்று இருப்பது பிளஸ் டூ படிக்கிற அந்த ஒரே மகள். அவன் மடியில் உட்கார்ந்து பென்சில் பிடித்தவள், இப்போது பொழுது சாய்ந்தால் "ஆனந்தி அக்கா" என்று பெயிண்ட் டப்பாவோடு ஓடுகிறாள்.

சுவர் முடியும் மூலையில் ஆனந்தவள்ளி ஒரு திருஷ்டி முகம் வரைந்திருந்தாள். புது வீட்டு முன்னால் மாட்டுவார்களே, முழித்த கண்ணும் தொங்கின நாக்குமாக, அதே மாதிரி.

"கண்ணு வைக்கிறவங்க மொதல்ல இதைப் பாக்கட்டும் சார். வர்றதையெல்லாம் அது வாங்கிக்கும்" என்றாள்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்றது. படித்தவர்கள் நடமாடுகிற தெருவில் இந்தக் கண்றாவி எதற்கு? சேவல் கொப்புளித்ததற்கு முந்தின சாயங்காலம்தான், சந்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்த முகத்தின் மேல் சுண்ணாம்பை அடித்து மெழுகியிருந்தான்.

சேவலோடு நிற்கவில்லை. மறுநாள் காத்தமுத்து படத்தின் முன்னால் ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "ஆளு நேர்ல நிக்கிற மாதிரியே இருக்குல்ல!" என்றான் ஒருவன். ரெஜிஸ் அந்தத் தோளைப் பார்த்தான், தன்னால் ஒருநாளும் அப்படி ஒரு தோளை வரைய முடியாது என்று தெரிந்து பார்த்தான். தோள் உப்பியது. உரிந்தது. அதே வாடை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வள்ளிக்கண்ணு தலைவிரி கோலமாக அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சார், காத்தமுத்து அண்ணனுக்குத் தோளெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு சார்! டீ குடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. கொதிக்கிற எண்ணெய் பட்ட மாதிரி ஆயிருச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

தான் பார்த்த அதே தோள். ரெஜிஸ் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் போன பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபேன் கறக் கறக்கென்று சுற்றியது, மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது, மார்க்கெட்டில் எங்கோ லாரியிலிருந்து மூட்டைகள் தொப் தொப்பென்று விழுந்தன, அதற்கெல்லாம் நடுவில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கேத்தரின் சிரித்தாள். அவள் பக்கத்தில் ஆனந்தவள்ளியும் சிரித்தாள். இந்த வீட்டில் கேத்தரின் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது! அந்தப் பொறாமை மறுபடி கிளம்பியது. வேண்டாம். ஐயோ, மாதாவே, வேண்டாம்.

எழுந்து ஓடினான். பிரஷ், கறுப்பு பெயிண்ட். நேராக மூலைக்கு. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற அந்தத் திருஷ்டி முகத்தைத் திரும்ப வரைந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கண் போட்டான். சுண்ணாம்போடு உரிந்து பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி போட்டான். மறுபடி உரிந்தது. விரலால் தேய்த்தான். நகத்தால் சுரண்டினான். அடியில் வெறும் செங்கல். முகமே இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம்.

"அப்பா?"

கண்ணை மூடினான். நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டான்.

"கிட்ட வராத கேத்து. வீட்டுக்குப் போ."

"இங்க என்ன பண்றீங்க? அழுறீங்களா?" டர்பன்டைன் வாடை நெருங்கி வந்தது. அவள் கை அவன் முதுகில் படிந்தது. "ஒரு விஷயம் சொல்லணும்ப்பா. அந்த டிரஸ்ட்காரங்க வந்தாங்க. அடுத்த சுவரை எனக்கே குடுத்துட்டாங்க! நான் தனியா வரையப் போறேன். அக்கா சொல்றாங்க, என் கை அவங்க கையைவிட நல்லா ஓடுதாம்."

என் மகள், என்று நினைத்தான். என் ரத்தம். சந்தோஷப்படு. சந்தோஷப்படுடா.

அவள் சுவர். அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுக்காத சுவர்.

ஒரே ஒரு கணம். அதற்குள் அவள் பக்கம் திரும்பிவிட்டான், கண் திறந்துகொண்டது.

கேத்தரின் தெருவிளக்கு வெளிச்சத்தில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தாள். வரைகிற அந்தக் கையை அவனுக்குக் காட்டத்தான் தூக்கியிருந்தாள்.

"ஏன்ப்பா அப்படிப் பாக்கறீங்க?"

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் தோல் மெல்ல உப்பி எழுந்தது, அடுத்த விரலில் எழுந்தது, உள்ளங்கையெல்லாம் எழுந்தது.