பச்சைக் கதவில் மாமியார்!

"ஐயோ... நான் எடுக்கலீங்க தொர!"

வீரம்மாவின் அலறலில் தேயிலைத் தொழிற்சாலையே அதிர்ந்தது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம். வருடம் 2019. கிடங்கிலிருந்து முதல் தரத் தூள் தொடர்ந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. இன்று கள்ளி அகப்பட்டுவிட்டாள்... கேமராவில்!

கிடங்கு வாசலிலும் பக்கத்துச் சாமி அறை வாசலிலும் கேமரா பொருத்திய மேதை அழகுமுத்து. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கொழும்பில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அவன் கட்டிக்கொள்ளப் போகும் ரஜனியின் அம்மாதான் இந்த வீரம்மா.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். இவன் மாமியாருக்கே கேமரா வைத்திருந்தான்!

"பொலிசுக்குச் சொல்லட்டோ சேர்? படத்தில வடிவாத் தெரியுது!" என்று துடித்தார் தொழிற்சாலை அதிகாரி லக்ஸ்மன்.

தோட்டத்தின் மேலாளரான துரை திரையைப் பார்த்தார். 'கிடங்கு' என்று பெயர் போட்ட படத்தில் ஒரு பச்சைக் கதவு திறந்தது. வீரம்மா முந்தானையில் எதையோ முடிந்துகொண்டே வெளியே வந்தாள்.

"அது துன்னூறுங்க! சாமி அறைக்குத்தான் போனேன்!"

"சாமி அறைப் படத்தில நீ இல்லையே. அங்க நான்தான் நிக்கிறன். நாள் தவறாமல் கும்பிடுறனான்!" என்றார் லக்ஸ்மன்.

வீரம்மாவின் வேலை போனால் லயத்து வீடும் போகும். கல்யாணமும்தான்! அழகுமுத்து திரைக்கு அருகே குனிந்தான். படத்தை மறுபடி ஓட்டினான்.

வெளியே வந்த வீரம்மா... வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள்.

செருப்பா? கிடங்குக்குள் போக யார் செருப்பைக் கழற்றுவார்கள்?

வெளியே ஓடினான். கிடங்கு வாசல் கேமராவைத் தொப்பியால் மூடினான்.

"தொர! எந்தப் படம் இருட்டாச்சு?"

"சாமி அறை!"

அடப்பாவி அழகுமுத்து!

கேமராக்கள் மாட்டிய கணினிப் போர்டுக்குச் சுயபுத்தி கிடையாது. எந்தக் கேமரா எந்த இணைப்பில் இருக்கிறது என்று 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேமரா முனை போர்டு முனையைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். போர்டு முனை கேமராவைக் காட்ட வேண்டும். சம்பந்தம் பேசுவது மாதிரிதான். மேதை இரண்டு ஜோடியையும் மாற்றிக் கட்டி வைத்திருந்தான்! கதவுகளோ, தோட்டம் முழுக்க அடித்த அதே பச்சை. யாருக்கு வித்தியாசம் தெரியும்?

"நான்தாங்க மாத்தி எழுதிட்டேன்! சாமி அறைன்னு காட்டுறதுதான் கிடங்கு!"

லக்ஸ்மனின் முகம் வெளுத்தது. அந்தப் படத்தில் தினமும் பெரிய பையோடு வெளியே வந்தவர் அவர்தான்.

"பொய்! நான் கும்பிடத்தான் போனனான்!"

துரை படத்தை நிறுத்தி, அதில் லக்ஸ்மன் காலில் இருந்த ஷூவைக் காட்டினார்.

"சப்பாத்தோடயா?"

பொலிசுக்குப் போன் போனது... லக்ஸ்மனுக்காக!

அழகுமுத்து வெட்கத்தில் கூனிப்போய் வீரம்மாவின் முன்னால் நின்றான்.

"மன்னிச்சிருங்க அத்தை... கல்யாணம்...?"

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் நடக்கும் மாப்ள. தாலிய மட்டும் யாரு கழுத்துன்னு நல்லா பாத்துக் கட்டுங்க!"