இந்தக் கணினியில் வேறொருவர் இருக்கிறார்

நான் அந்த அலுவலகத்துக்குப் போனது பளீரென்று வெயில் அடித்த ஒரு காலையில். பேய்க்கதை சொல்கிறவன் இருட்டில் ஆரம்பிக்க வேண்டும், தெரியும். என்ன செய்ய, நடந்தது அப்படி.

வேலை சாதாரணமானது. அங்கே யாராவது வேலையை விட்டுப் போனால் அவருடைய கதவு அட்டை, மின்னஞ்சல், லாகின் எல்லாவற்றையும் நீக்க ஒரு ரோபோ வைத்திருந்தார்கள். கை, கால் உள்ளதல்ல, வெறும் மென்பொருள். மனிதர் உட்கார்ந்து சொடுக்குவதையெல்லாம் அதுவே சொடுக்கும். எங்கேயோ வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினியில் ஓடியது. அதில் கோளாறு என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்திரி. அத்தனை பேரை வேலையிலிருந்து வெட்டியிருக்கிறார்.

"தினமும் என் பேரு 'போறவங்க' லிஸ்ட்ல வந்து நிக்குது. அழிச்சா திரும்ப வருது. எவனோ விளையாடுறான், யாருன்னு பாருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

என் மடிக்கணினியிலிருந்து அந்தக் கிளவுட் கணினிக்குள் நுழைந்தேன். திரையில் செய்தி வந்தது.

இந்தக் கணினியில் வேறொருவர் இருக்கிறார். அவரை வெளியேற்றவா?

லாகின் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது.

"இது யாருங்க?" என்றேன்.

வரவேற்பு மேசைப் பெண் குனிந்து கிசுகிசுத்தாள். "எங்க அக்கா. கூடப் பிறந்தவங்க இல்ல, ஆனா எல்லாருக்கும் அக்கா. ரோபோவுக்கு முன்னாடி இந்த வேலையைக் கையால பாத்தவங்க. ரோபோ ஓடின அன்னைக்கே கத்திரி அக்கா பேரைத்தான் முதல்ல போட்டாரு. அவங்ககிட்ட சொல்லக்கூட இல்ல. அக்கா அப்ப மாடிப்படியில இருந்தாங்க. அட்டை இல்லாம எந்தக் கதவும் திறக்காது. அவங்களுக்கு வீசிங் வேற, மருந்து மேசை மேல இருந்துச்சு. தட்டினாங்க."

"கேக்கலையா?"

"கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. 'அழுது சீன் போடுவா, கொஞ்ச நேரம் கழிச்சுத் திறக்கலாம்'னாரு கத்திரி. திறந்தப்ப அக்கா உயிரோட இல்ல."

லாகின் விவரத்தைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. புது லாகினுக்குச் செலவு செய்ய மனமில்லாமல், ரோபோவை அக்காவின் லாகினிலேயே ஓடவிட்டிருந்தார்கள். தான் ஓடுகிற லாகினை அது நீக்காது. அக்காவுடையதில் மற்றதெல்லாம் போய், அது மட்டும் மிஞ்சியிருந்தது.

'வெளியேற்று' என்று அழுத்தினேன்.

கழுத்தில் தொங்கிய என் ஹெட்போனில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அந்தக் கணினிக்கு மைக்கே கிடையாது.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். திரையில் 'போறவங்க' லிஸ்ட் விரிந்தது. அம்பு தானாக நகர்ந்து, கத்திரியின் பெயர் மேல் போய் நின்றது.

"அந்தக் கணினியையே அழிச்சுத் தொலைங்க!" பின்னால் கத்திரி கத்தினார். எப்போது வந்தாரோ.

அழித்தேன். ஒன்று போனால் இன்னொன்று தானாக எழும்படி அமைத்திருந்தார்கள். எழுந்தது. அதே லாகின், அதே மூச்சு. பிடுங்கிப்போட ஒரு வயர்கூட இல்லை.

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "என் அட்டை செத்துப்போறதுக்குள்ள கீழ போயி வேற அட்டை வாங்கிட்டு வர்றேன்" என்றவர், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மாடிப்படிக் கதவைத் திறந்து இறங்கினார்.

கதவு சாத்திக்கொண்டது.

கத்திரியின் பெயர் மேல் அம்பு சொடுக்கியது.

தட்டும் சத்தம் கேட்டது. முதலில் அதட்டலாக. பிறகு படபடவென்று.

"திறங்களேன்!" என்று கத்தினேன். வெளியாளான என்னிடம் அட்டை இல்லை. ஒருவரும் எழவில்லை. வரவேற்பு மேசைப் பெண் தன் அட்டையை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சுத் திறக்கலாம்ங்க" என்றாள்.

சத்தம் நின்ற பிறகுதான் அட்டையை எடுத்துப் போய்த் திறந்தாள். கதவில் சாய்ந்திருந்தவர் அப்படியே உள்ளே சரிந்தார். மூச்சு முட்டிச் செத்திருந்தார். அவருக்கு வீசிங்கே கிடையாதாம்.

அவள் திரும்பி வந்து, என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். கத்திரியின் பெயர் போயிருந்தது. அந்த இடத்தில் அவள் பெயர் இருந்தது. கீழே, அந்தத் தளத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருடைய பெயரும்.

"நான் உங்க பக்கம்தானே அக்கா" என்றாள், திரையைப் பார்த்து. கையிலிருந்த அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஹெட்போனில் மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது. அம்பு அவள் பெயர் மேல் போய் நின்றது.

அவரை வெளியேற்றவா?

நான் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.