ஏரிக்குள் போன கையெழுத்து

மின்னசோட்டாவின் வடகோடியில், உறைந்துபோன ஓர் ஏரியின் மேல், ஒரு ஜனவரி மத்தியானம் இரண்டு சங்கதிகள் நடந்தன. கல்லூரி விண்ணப்பம் ஒன்றை ஒரு மீன் கவ்விக்கொண்டு போனது. பனியின் மேல் போட்ட அதே மீன்பிடிக் குடிலில், அதே ஒரு மணி நேரத்தில், டாக்னி காதலில் விழுந்தாள்.

மீன் சங்கதியை ஊரே நம்பியது. ஏரிக்காரர்கள் அல்லவா, மீனுக்கு இரண்டடி கூடவே சேர்த்து நம்பினார்கள். காதல் சங்கதியை மட்டும் ஒரே ஒரு ஆள் நம்பவில்லை.

டாக்னிதான் அந்த ஆள்!

அன்று அவளுக்கு இருந்த கோபத்துக்கு, நடந்த வழியெல்லாம் பனிக்கட்டி உருகி வாத்துகள் நீந்தின. பள்ளியில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும் ஆலோசகர் அவள். லினியா என்ற மாணவி தன் சாதாரண விண்ணப்பத்தை 'ஏர்லி டெசிஷ'னாக மாற்றத் துடித்தாள். இடம் தந்தால் உங்களிடம்தான் வருவேன், மற்ற எல்லாக் கல்லூரிகளையும் விட்டுவிடுவேன் என்று எழுதிக்கொடுக்கும் சத்தியம் அது. மாற்றினால் இடம் கிடைக்கலாம்; மாற்றாவிட்டால் சந்தேகம்தான். இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. லினியாவை வளர்க்கும் சித்தப்பா ஹால்வரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த மனிதரோ போனை வீட்டில் போட்டுவிட்டு ஏரிக்குப் போயிருந்தார்.

ஏரிமேல் வரிசையாக நின்ற குடில்களில் முதல் குடிலின் கதவைப் படாரென்று திறந்தாள். உள்ளே கும்மிருட்டு; இருட்டில்தான் தண்ணீருக்குள் மீன் தெரியும். தரைப் பனியில் வெட்டிய துளையிலிருந்து மட்டும் பச்சை வெளிச்சம்... அதன் ஓரத்தில் ஈட்டியோடு ஒருவன்.

"ஹால்வர்னு ஒரு மடையன்... அவன் குடில் எதுங்க?"

"ஷ்ஷ்... மெதுவா. மீன் ஓடிடும்."

அவள் கிசுகிசுத்தாள். "பொண்ணோட எதிர்காலத்தைவிட மீன் பெருசுன்னு உக்காந்திருக்கானே, அவன்!"

"தாடி வச்சிருப்பானா?"

"பாத்ததில்ல. வச்சிருப்பான், மூஞ்சிய மறைக்க."

அவன் தாடியைத் தடவிக்கொண்டான். டாக்னி பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போட முடியாது டீச்சர்," என்றான் ஹால்வர். "வேற கல்லூரி என்ன உதவித்தொகை தருதுன்னு பாக்காம ஒரே இடத்துல கட்டிப்போடறதா?"

"உதவி பத்தலைன்னா விலகிக்கலாம்! படிச்சுப் பாத்தீங்களா?"

"காலேஜுக்காரங்களுக்கு ஆள் பிடிக்கிறீங்களா?"

"என்ன சொன்னீங்க?!"

"ஷ்ஷ்!"

கிசுகிசுத்துச் சண்டை போட்டால் பக்கத்தில் வந்துதானே ஆகவேண்டும்? மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம்... கீழிருந்து வந்த ஒளியில் அவன் கண்கள் பச்சையாய், ஈரமாய்... 'ஈரமா? இந்த முரடனுக்கா?'

"உண்மையான காரணத்தைச் சொல்லுங்க," என்றாள்.

அவன் ஈட்டியைக் கீழே வைத்தான். "லினியா போயிட்டா... அப்புறம் வீட்ல நான் மட்டும்தான் டீச்சர்."

அவள் கோபம் அப்படியே அந்தரத்தில் நின்றது. உறைந்துபோன பேனாவை உள்ளங்கைக்குள் ஊதி ஊதிச் சூடாக்கி நீட்டினாள். அவன் கையெழுத்திட்டான். பிளாஸ்டிக் உறையில் போட்டு எழுந்தாளோ இல்லையோ, காற்று கதவைத் தள்ள, உறை பறந்து துளைக்குள்!

பளபளவென்று இறங்கிய உறையைப் பார்த்து, ஒரு படகு நீள மீன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. கவ்வியது. திரும்பியது.

"குத்துய்யா!" என்று டாக்னி போட்ட கூச்சலில் பக்கத்து மாவட்டத்தில் கரடிகள் விழித்துக்கொண்டன. ஈட்டி பாய்ந்தது. மீனும் வந்தது, உறையும் வந்தது. ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கையில், மீன் வாடை வீசும் அந்தக் காகிதம் ஸ்கேனாகிப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் பறந்தது.

"டீச்சர்... எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு," என்றான் ஹால்வர், பள்ளி வாசலில்.

"ஒரு மணி நேரத்துலயா? கதை விடாதீங்க!" கதவை முகத்தில் சாத்தினாள். அன்று இரவு முழுக்க அந்தக் கதவின் மேலும் அவளுக்குக் கோபம்.

பிப்ரவரியில் லினியாவுக்கு இடம் கிடைத்தது. மறுநாள் ஹால்வர் அதே மாதிரி ஒரு படிவத்தை டாக்னியின் மேஜையில் வைத்தான். விண்ணப்பிப்பவர்: ஹால்வர். சேர விரும்பும் இடம்: டாக்னி. மற்ற விண்ணப்பங்கள்: இல்லை, இருக்கவும் இருக்காது. காப்பாளர் கையெழுத்து: லினியா.

"ஆலோசகர் கையெழுத்துதான் பாக்கி."

"திமிரைப் பாரு..." பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள். கையெழுத்துப் போட்டாள், காகிதம் கிழிகிற மாதிரி. பிறகு, ஓட மீனே இல்லாத அந்த அறையில், அவன் காதோரம் வந்து கிசுகிசுத்தாள்...

"அன்னிக்கே நடந்துடுச்சுய்யா. பேனாவை ஊதுறப்பவே."