ரேடியோ கேட்ட குரல்

வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளை எல்லோரும் 'ரேடியோ' என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து, அவள் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

அவர்கள் குடியிருந்த பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் மராமத்து நடந்தது. கீழே ஓடு வெட்டும் மெஷின் அலறியது. மாடியில் துளை போடும் மெஷின் உறுமியது. போதாக்குறைக்குத் தண்ணீர் மோட்டார் வேறு.

ரேடியோ பின்பக்கச் சுவரையே பார்த்தபடி நின்றாள். கட்டிய காலத்தில் சாரக் கம்புகள் செருகிய ஓட்டைகள் அதில் வரிசையாக இருந்தன. தெருவை அகலமாக்க மரங்களை வெட்டியபோது மற்ற பறவைகள் எல்லாம் போய்விட்டன. ஒரு குண்டுக்கரிச்சான் ஜோடி மட்டும் அந்த ஓட்டைகளில் ஒன்றில் குடியேறியது. அன்று அவள் பள்ளிவிட்டு வருவதற்குள் எல்லா ஓட்டைகளையும் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள்.

தாய்ப்பறவை அலகில் புழுவோடு சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்ததால் தன் வீடு எது என்று அதற்கே தெரியவில்லை.

ரேடியோ, கொத்தனார் நின்ற சாரத்துக்கு அடியில் ஓடினாள்.

"கொத்தனாரண்ணே, உள்ள குஞ்சு இருக்கு!"

இரண்டு முறை கத்திய பிறகுதான் அவர் குனிந்தார். "கைய விட்டுப் பாத்துட்டுதானம்மா அடைச்சேன்."

"அது ஆழத்துல இருக்கும்ணே."

"எந்த ஓட்டையில?"

அது அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால், பறவை சுவர்ப்பக்கம் திரும்பி மறைவது மட்டும்தான் தெரியும்.

"எல்லாத்தையும் உடைச்சா என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. எதுன்னு சொல்லு, உடைச்சுத் தரேன். சீக்கிரம். சிமெண்டு இறுகிடும்."

ரேடியோ சுவரில் காதை வைத்தாள். சுவர் முழுக்க மெஷின் சத்தம்தான் அதிர்ந்தது. ஓடு வெட்டுபவரிடம் ஓடி, "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று கெஞ்சினாள். அவர் காதில் பஞ்சை அடைத்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெட்ட இன்னொரு ஓடு எடுத்தார்.

மாடிப்படிக்கு அடியில் மெயின் சுவிட்ச் இருந்தது. அதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ரேடியோ கையைப் பாவாடையில் துடைத்தாள். காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

கட்டடமே வாயை மூடிக்கொண்டது.

"யாரு மெயின இறக்கினது?" அம்மா மேலேயிருந்து வந்தாள். ஓடு வெட்டுபவர் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு கோபமாக வந்தார்.

"நான்தான்" என்றாள் ரேடியோ. பிறகு உதட்டில் விரலை வைத்தாள். பேசாதே என்று ரேடியோவே சொல்கிறாளே என்ற திகைப்பில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவின் கண் நிறைந்தது.

அப்போது, மிக மெல்லியதாக, "சீ... சீ..."

கொத்தனார் சாரத்தில் நின்றபடி சுவரில் காதை ஒட்டி ஒட்டி நகர்ந்தார். ஓரிடத்தில் நின்று உளியை மெதுவாகத் தட்டினார். ஈரச் சிமெண்டு பொலபொலவென்று உதிர்ந்தது.

"நாலு வாய் திறந்திருக்கு" என்றார். "இந்த ஓட்டைய நான் அடைக்க மாட்டேன். யார் கேட்டாலும் சரி."

அவர் ஒதுங்கியதும் தாய்ப்பறவை புழுவோடு உள்ளே பாய்ந்தது. அப்பா பறவை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. இந்தத் தெருவில் அந்தப் பாட்டு காதில் விழுந்து வெகு நாளாயிற்று.

"மெயினப் போட்டுடறேம்மா" என்று ரேடியோ நகர்ந்தாள்.

ஓடு வெட்டுபவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இரும்மா. பாட்டு முடியட்டும்."