கஞ்சி போட்ட இறக்கை

காலையிலிருந்து விடாத தூறல். இந்த ஈரத்துக்குக் கஞ்சித் துணி தொய்ந்துபோக வேண்டும். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் அது தெரியாத பெண் கிடையாது. தறிக்கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த ஒடிந்த விமான இறக்கையின் துணியோ விறைத்து நின்றது.

பெரியநாயகி கொட்டகை வாசற்படியிலேயே நின்றாள். ஈர மண்ணோடு புளித்த கஞ்சி வாடையும் வந்தது.

அது அவள் போட்ட கஞ்சி. உலகச் சண்டை முடிந்து சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அந்த எஞ்சின் இல்லாத விமானத்தை வாங்கிய நாள்முதல் அவள் புருஷன் அருணகிரிக்கு வேறு நினைப்பில்லை. இறக்கைத் துணியை இறுக்கும் பூச்சு ஓர் இறக்கைக்குத்தான் போதுமானதாக இருந்தது. மிச்சம் மதராஸிலிருந்து வர வேண்டும். அவன் முகம் வாடியதைப் பொறுக்காமல், அவன் சேலம் போயிருந்தபோது, தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியை மற்ற இறக்கைக்குப் போட்டு மேலே சாயம் பூசினாள். "இருந்ததையே வழிச்சுப் பூசிட்டனுங்க" என்றாள். அவன் நம்பினான். வெயில் காலம், மழை ஏது என்று நினைத்தாளே தவிர, மேகமே ஈரம் என்று பாவி மனசுக்குத் தோன்றவில்லை. மேகத்துக்குள் துணி தொய்ந்து எருமப்பட்டிக் காட்டில் விழுந்தவனைப் போர்வையில் சுருட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

விபத்தை விசாரிக்க வந்த வீரபாகு சற்றுமுன் அவள் மாமனாரிடம் சொன்னார்: "மேகத்துக்குள்ள நிதானம் தவறிட்டாருங்க. தப்பு அவர் மேலதான். காலையில அந்த இறக்கையையும் பாத்துட்டுப் புறப்படறேன்."

"எம் பையன் அவசரக்காரன் இல்லீங்க. நல்லாப் பாருங்க" என்றார் சரவணமுத்து. பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஒரு வாய் சாப்புடு சாமி. இனி எனக்கு நீதான்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு அவளால் எப்படி உண்மையைச் சொல்ல முடியும்? விளக்கையும் தண்ணீர் வாளியையும் செம்பையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். விடிவதற்குள் கஞ்சி போய்விட வேண்டும்.

முதல் செம்பை ஊற்றித் தேய்த்தாள். வெள்ளையாக வழிந்தது. துணி தொய்யவில்லை. உள்ளே மரச்சட்டங்கள் முனகின. இன்னொரு செம்பு. துணி உப்பியது.

காற்று இல்லை.

உள்ளிருந்து ஏதோ முட்டியது. நெற்றி. பிறகு மூக்கு. அவள் மஞ்சள் பூசி முத்தமிட்ட நெற்றி, தெரியாமல் போகுமா?

"ஏனுங்க..." என்றாள். அழுகை வந்தது.

ஈரத்துணிக்கு அடியில் வாய் திறந்தது. துணி உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. மறுபடியும் இழுபட்டது. மூச்சுக்குத் தவிக்கிறார்.

வீட்டுக்குள் மாமனார் இருமினார். "சாமி, எங்க இருக்கற?"

பெரியநாயகி தேம்பிக்கொண்டே திறந்திருந்த அந்த வாயின் மேல் அடுத்த செம்பை ஊற்றித் தேய்த்தாள்.