யாரும் எடுக்காத பை

எங்கள் ஊர் நூலகத்தில் ஜனவரி மாதத்து முதல் சனிக்கிழமை மட்டும், தனக்கு என்ன புத்தகம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அதிர்ஷ்டப் பை நாள்.

எங்கள் ஜப்பானில் புத்தாண்டு வந்தால் கடைகளில் வாயை ஒட்டிய பைகளை விற்பார்கள் அல்லவா? உள்ளே இருப்பது சட்டையா சாக்ஸா என்று வாங்கிப் பிரித்தால்தான் தெரியும். நூலகத்துப் பையும் அப்படித்தான். இங்கே காசு கிடையாது, இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பைக்குள் ஒரு புதுப் புத்தகம். பையின் மேல் ஒரு சீட்டு. புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல், படிக்க ஆசை வருகிற மாதிரி ஏதாவது அந்தச் சீட்டில் எழுதியிருக்கும்.

இந்த வருடம் அதை எழுதும் வேலையை நூலகர் ஓகுமா சான் குட்டி நூலகர்களிடம் கொடுத்துவிட்டார். குட்டி நூலகர்கள் என்றால், பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு விடுமுறை நாட்களில் நூலகத்துக்கு உதவி செய்ய வருகிற பிள்ளைகள். இரோஹா அவர்களில் ஒருத்தி. ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள். அதைவிட நன்றாகப் பேசுவாள்.

அவளுக்குக் கிடைத்த புத்தகத்தின் பெயர் 'இரண்டாம் வகுப்பில் ஒரு சுமோ வீரர்'. அச்சாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எழுதியவருக்கு அது முதல் புத்தகம் வேறு. ஊரிலேயே அதைப் படித்த ஒரே பிள்ளை இரோஹாதான். அவள் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த சூப் மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்படிப்பட்ட புத்தகத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டாமா? பேனாவை எடுத்தாள், எழுதித் தள்ளினாள்.

"மலை மாதிரி இருக்கும் சுமோ வீரர் ஒருவர், வாய்ப்பாடு தெரியாததால் இரண்டாம் வகுப்பில் வந்து சேருகிறார். முதல் நாளே நாற்காலி உடைகிறது! தினமும் மதியச் சாப்பாட்டில் ஒரு புட்டிங் காணாமல் போகிறது. எல்லாரும் பாவம் அவரையே சந்தேகப்படுகிறார்கள். ஆனால் புட்டிங் திருடியது தலைமை ஆசிரியர்!"

ஓகுமா சான் அதை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இரோஹா, பிரமாதமா எழுதியிருக்கே. இனிமே இந்தப் புத்தகத்தை யாரும் படிக்கவே வேண்டாம்."

"தேங்க்ஸ்!" என்றாள் இரோஹா. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ!"

"கதையைச் சொல்லிடாம, கதை மேல ஆசையை மட்டும் காட்டணும். எங்கே, இன்னொரு தடவை எழுது பார்க்கலாம்."

இரோஹா வெகு ஜாக்கிரதையாக எழுதினாள்: "இது ஒரு புத்தகம். பக்கங்கள் உண்டு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கசுமா எட்டிப் பார்த்தான். அவனும் குட்டி நூலகர்தான். அடுத்தவர் சீட்டைப் பார்ப்பதில் பெரிய நூலகர்.

"பக்கங்களும் உண்டா? அடேங்கப்பா! எனக்கே இதை எடுத்துக்கணும்போல இருக்கே!"

"போடா. உன்னோடதைக் காட்டு."

கசுமா பெருமையாகக் காட்டினான். "எலும்புக்கூட்டுக்குப் பல்வலி" என்று மட்டும் எழுதியிருந்தான்.

இரோஹாவுக்கு வயிறு எரிந்தது. நான்கு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஆத்திரத்தோடு எழுதினாள்: "மிகவும் நல்ல புத்தகம். அனைவரும் படித்துப் பயன் பெறலாம்."

அதற்குள் நேரமாகிவிட்டது. அந்தச் சீட்டையே ஒட்டிப் பையை மேசையில் வைத்தார்கள்.

கதவைத் திறந்ததும் கூட்டம் திபுதிபுவென்று உள்ளே வந்தது. கசுமாவின் பையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தார்கள். மற்ற பைகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

இரோஹாவின் பையையும் நிறையப் பேர் கையில் எடுத்தார்கள். சீட்டைப் படித்தார்கள். பூப்போல மெதுவாகத் திரும்ப வைத்தார்கள்.

மதியத்துக்குள் மேசையில் ஒரே ஒரு பைதான் மிச்சம்.

"ஓகுமா சான், யாருமே எடுக்கலைன்னா என்ன ஆகும்?"

"சாயங்காலம் மூடும்போது பையைப் பிரிச்சு, புத்தகத்தை அலமாரியில வெச்சிடுவோம்."

"எந்த அலமாரியில?"

"எழுதினவர் பேர் வரிசைப்படி பார்த்தா..." ஓகுமா சான் கையைக் காட்டினார். கடைசி வரிசை, கீழ்த்தட்டு. தூண் மறைத்துக்கொண்டிருந்தது.

இரோஹாவுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அந்தத் தூணுக்குப் பின்னால் குனிந்து பார்ப்பது தரை துடைப்பவர் மட்டும்தான். தெரிந்த எழுத்தாளர் என்றால் தேடிக்கொண்டு வருவார்கள். புதியவரின் புத்தகத்தை யார் தேடுவார்கள்? இவ்வளவு நல்ல புத்தகம், தன் ஒரு சீட்டால் அங்கே போய் மாட்டிக்கொள்ளப் போகிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு சத்தம்.

"ரெண்டே நிமிஷம்டா, தெப்பெய்! புத்தகத்தைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"நீங்க போங்க. நான் உள்ளே வர மாட்டேன்."

ஓர் அம்மா உள்ளே போய்விட்டார். குடை வைக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பையன் கைகளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவனுடைய பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கு சிவந்திருந்தது. கோபமும் அதே அளவு சிவப்பாக இருந்தது.

இரோஹா பையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

"தம்பி, புத்தகம் வேணுமா?"

"வேணாம்."

"ரொம்ப நல்ல புத்தகம்!"

"நல்ல புத்தகமா? அப்போ கண்டிப்பா போர்."

"அது எப்படிச் சொல்றே?"

"எங்க வகுப்புல நல்ல பையன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கூட அஞ்சு நிமிஷம் விளையாடிப் பாரு அக்கா, உனக்கே தெரியும்."

இரோஹாவுக்குச் சிரிப்பு வந்தது. 'இதில் சுமோ வீரர் நாற்காலியை உடைப்பார் தெரியுமா? புட்டிங்கை யார் திருடினார் தெரியுமா?' வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்து முட்டின. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் இவ்வளவு கோபமா இருக்கே?"

"பனிக்குடிசை கட்டிட்டு இருந்தோம். சுவர் இந்த உயரத்துக்கு வந்துடுச்சு. இனிமே கூரைதான். சரியா அப்போ பார்த்து, 'வா, நூலகத்துக்குப் போகலாம்'னு இழுத்துட்டு வந்துட்டாங்க. எங்க அம்மாவோட ரெண்டு நிமிஷம்னா என்னன்னு உனக்குத் தெரியாது. அரை மணி நேரம்!"

"அச்சச்சோ."

"வீட்டுக்குப் போனாலும் விட மாட்டாங்க. வாய்ப்பாடு படிக்கச் சொல்லுவாங்க." அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வரவே மாட்டேங்குது. வகுப்புல எல்லாரும் ஒப்பிச்சுட்டாங்க. நான் மட்டும்தான் பாக்கி. ஏழு நாலு இருபத்தெட்டு வரைக்கும் வருவேன். அதுக்கப்புறம் ஒரே இருட்டு. யார்கிட்டயும் சொல்லாதே."

இரோஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகத்தில் வரும் சுமோ வீரருக்கும் அதே ஏழாம் வாய்ப்பாடுதான் வராது! இந்தப் பையனுக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதின மாதிரி அல்லவா இருக்கிறது!

ஆனால் கையில் கொடுத்தால் வாங்க மாட்டான். அவனாக எடுக்க வேண்டும்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பையோடு மேசைக்கு ஓடினாள். பழைய சீட்டைப் பிய்த்தாள். புதுச் சீட்டில் எழுதினாள்: "ஏழாம் வாய்ப்பாடு வராதவர்களுக்கு மட்டும்."

எழுதிவிட்டுப் பார்த்தால் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் சட்டென்று ஒரு யோசனை. தெப்பெய் இந்தப் பையை எடுத்தால், பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவனுடைய ரகசியம் தெரிந்துவிடுமே! பக்கத்தில் கசுமா வேறு நிற்கிறான். அந்தச் சீட்டை நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் திணித்தாள். இன்னொன்று எழுதினாள். பையை மேசை ஓரத்தில், வாசலைப் பார்த்த மாதிரி நிறுத்தி வைத்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல் பக்கத்து அலமாரியில் இருந்த புத்தகங்களை நேராக்கத் தொடங்கினாள்.

உள்ளே அம்மாவின் இரண்டு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. தெப்பெய்க்கு உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. எழுந்து வாசலில் நின்றான். மெல்ல உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான். பெரிய எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான்.

"பனிக்குடிசை பாதியில் இருக்கும்போது உங்களை இங்கே இழுத்து வந்துவிட்டார்களா? இந்தப் பை உங்களுக்குத்தான். வேறு யாரும் தொடக் கூடாது."

அவன் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"இது நான்தான்!"

அப்போது ஒரு தாத்தா பையை எடுக்கக் கை நீட்டினார். தெப்பெய் பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டான்.

"உங்களை யாராவது இழுத்துட்டு வந்தாங்களா?"

"இல்லையேப்பா, நானாத்தான் வந்தேன்."

"அப்போ இது உங்களுக்கு இல்லை!"

தாத்தா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். ஓகுமா சான் பையின் மேல் ஒட்டியிருந்த எண்ணைக் கணினியில் பதிந்துகொண்டு, "நல்லபடியா படிச்சுட்டு வா" என்று கொடுத்தார்.

வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும் பொறுமையெல்லாம் தெப்பெய்க்குக் கிடையாது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பையைக் கிழித்தான். இரோஹா அலமாரிக்குப் பின்னாலிருந்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கம். முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கம். மூக்கைத் துடைத்தான். நாற்காலி உடைகிற பக்கத்தில் 'ஹக்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னும் சில பக்கங்கள். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இவருக்கும் வரலை!" என்று கத்தினான்.

"உஷ்!" என்றார் ஓகுமா சான்.

"யாருக்கு என்ன வரலை?" என்று கசுமா கேட்டான். தெப்பெய் இரோஹாவைத் தேடிப் பார்த்து, பல் தெரியச் சிரித்தான். அவ்வளவுதான், மறுபடியும் புத்தகத்துக்குள் போய்விட்டான்.

கை நிறையப் புத்தகங்களோடு அம்மா வந்தார். "சாரிடா, கொஞ்சம் நேரமாயிடுச்சு. கிளம்பலாமா?"

"ரெண்டே நிமிஷம்மா" என்றான் தெப்பெய், தலையைத் தூக்காமல். அதுவும் அரை மணி நேரம் ஆனது.

அடுத்த சனிக்கிழமை அவன்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தான். நேராக ஓகுமா சானின் மேசைக்குப் போய்ப் புத்தகத்தை வைத்தான்.

"அக்கா, இங்கே வா! ஒண்ணு காட்டறேன்" என்று இரோஹாவைக் கூப்பிட்டான். கால்களை அகட்டி வைத்துக்கொண்டான். சுமோ வீரர் மாதிரி ஒரு காலைத் தூக்கி, தரையில் ஓங்கி மிதித்தான்.

"ஏழஞ்சு முப்பத்தஞ்சு!" தொம்! "ஏழாறு நாற்பத்திரண்டு!" தொம்! "ஏழேழு நாற்பத்தொன்பது!"

மேசைமேல் இருந்த பென்சில்கள் குதித்தன. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். ஓகுமா சான் "உஷ்!" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஏழெட்டு வருமா வராதா என்று அவருக்கும் ஆவலாக இருந்ததால் மூடிக்கொண்டார்.

"ஏழெட்டு..." தெப்பெய் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தொம்! "ஐம்பத்தாறு!"

இரோஹா கை தட்டிவிட்டாள். நூலகத்தில் கை தட்டக் கூடாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"கடைசிப் பக்கத்துல, ஏப்ரல்ல அடுத்த பாகம் வரும்னு போட்டிருக்கே, அதை இங்கே வாங்குவீங்களா?" என்று தெப்பெய் கேட்டான்.

"வாங்கறதாத்தான் இருக்கோம். முன்பதிவு பண்ணிக்கறியா?"

"என் பேரைப் போடுங்க!"

"சரி. தெப்பெய், முதல் ஆள்."

இரோஹாவுக்குப் பகீரென்றது. அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள், தன் பெயரைப் பதிய மறந்தே போய்விட்டாள்!

"ஓகுமா சான், நானும்!"

"நீ ரெண்டாவது."

"அதெப்படி? இந்தப் புத்தகத்தைப் பத்தி முதல்ல சொன்னதே நான்தானே!"

"ஆமா. அதனாலதானே உனக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்கறான்" என்றார் ஓகுமா சான்.

இரோஹா கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கவலைப்படாதே அக்கா, நான் சீக்கிரமா முடிச்சுத் தந்துடறேன்" என்று தெப்பெய் பெரிய மனுஷன்போலச் சொன்னான்.

"அப்போ மூணாவது நான்" என்று கசுமா நுழைந்தான்.

தெப்பெய்யின் அம்மா கையைத் தூக்கினார். "நாலாவதா என் பேரைப் போட்டுடுங்க. ஒரு வாரமா வீடே அதிருது. அப்படி என்னதான் கதைன்னு நானும் பார்க்கறேன்."

இன்னும் வெளிவராத ஒரு புத்தகத்துக்கு நான்கு பேர் வரிசை. அதில் இரண்டாவது ஆளாக, ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு, இரோஹா ஜம்மென்று நின்றாள்.