வெறுங்கொடி

பரண் அறைக் கொடியில் ஈர விரிப்பு ஒன்று தொங்கியது.

ஹென்னிங் ஆல்போர்ன் படியிலேயே நின்றார். கிறிஸ்துமஸ் முடிந்து நான்காம் நாள். மாலை நான்கு மணிக்கே ஜெர்மனியின் ஹார்ஸ் மலைக்குப் பின்னால் வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பன்னிரண்டு நாளும் கோஸ்லார் ஊரின் பழைய வீடுகளில் துணி உலர்த்தமாட்டார்கள். உலர்த்தினால் அதுவே வீட்டில் ஒருவருக்குப் பிணப்போர்வை. வாசல் உத்தரத்தில் நானூறு வருடமாகப் பெயர் செதுக்கியிருக்கும் ஆல்போர்ன் குடும்பத்தில் யாரும் இதை மீறியதில்லை.

அடுக்களையில் மருமகள் ஸ்வென்யா எட்டு மாத வயிற்றோடு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல தொங்கப்போட்டது நீயா?"

"ஒரே ஒரு பெட்ஷீட்டுதான் மாமா. ஹம்பர்க்ல வருஷம் பூரா துவைக்கிறோம், ஒருத்தரும் சாகல. உங்க ஊர்ப் பேய்ங்களுக்குச் சோப்பு வாடை ஆகாதோ?"

"வாயக் கழுவு. நான் எடுத்துர்றேன்."

பயம் என்று அவர் சொல்லவில்லை. ஆல்போர்ன்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

பரணில் விறகுப்புகையும் சுருங்கிய ஆப்பிளும் மணத்தன. கூரையின் கற்பலகைகள் மேல் பனி மெல்லச் சரியும் ஓசை தலைக்கு மேலே ஊர்ந்து ஊர்ந்து நின்றது. காற்றே இல்லாத அந்த இருட்டில் விரிப்பு மட்டும், யாரோ பின்னால் நடந்து போவதுபோல, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அசைந்தது. வீட்டில் அவர், மகன், மருமகள் என்று மூன்றே பேர். நான்காவது இன்னும் பிறக்கவில்லை. பெயர் அதோடுதான் நீளும், இல்லையென்றால் முடியும்.

விரிப்பை உருவித் தன் தோளில் போர்த்திக்கொண்டார்.

"எனக்கு எழுபத்தொன்பது," என்றார் இருட்டிடம். "என்ன எடுத்துக்க."

இரட்டைக் கட்டில் விரிப்பு. ஆனால் முழங்காலோடு நின்றது.

இழுத்தார். இடுப்பு வரைதான்.

"என்னத்தான்னு சொல்றேன்ல."

மார்பு. தோள். கழுத்தைச் சுற்றக்கூட எட்டாமல் சுருங்கியது.

எவரிடமும் கெஞ்சாத மனிதர் முழந்தாளிட்டார். "தயவுபண்ணி..."

கையில் இருந்தது இப்போது ஒரு முழத் துணி. ஈரம். குளிர். கனத்தது.

கீழிருந்து ஸ்வென்யாவின் குரல். "மாமா, எடுத்தாச்சா? கீழ வாங்க, சூப் ஆறுது. உங்க பேரன் சரியான சோம்பேறி, காலைலேர்ந்து உதைக்கவே இல்ல!"



உள்ளங்கையில், துணியின் நடுவே, ஒரு சின்னக் குழி விழுந்தது. உப்பியது. மறுபடியும் குழிந்தது, மூச்சுக்குத் தவிக்கும் வாய் உள்ளிருந்து உறிஞ்சுவதுபோல.